விஆர்எம் மாடலின் வணிக உரிமம்: எந்தக் கோப்பின் நிபந்தனை செல்லும்?

நிறுவனம் ஒன்றுக்காக அவதார் பேசும் விளம்பர வீடியோ. அடுத்த வாரம் ஒப்படைக்க வேண்டும். முகத்தைப் பின்தொடர விசீஃபேஸ் மென்பொருள். வணிகப் பயன்பாட்டுக்கும் அது இலவசம்தான், அங்கே சிக்கல் இல்லை. சிக்கல், காசு கொடுத்து வாங்கிய மாடலில். ஒரே ஜிப்பில் இரண்டு விஆர்எம் (முப்பரிமாண அவதாருக்கான கோப்பு வடிவம்) கோப்புகள்: ஒன்று பழைய 0.எக்ஸ் பதிப்பு, மற்றது புதிய 1.0. 0.எக்ஸ் கோப்பின் மெட்டாடேட்டாவில் (கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் உரிம விவரம்) வணிகப் பயன்பாடு 'அலவ்', அதாவது அனுமதி. அந்தப் பதிப்பில் தனிநபர், நிறுவனம் என்ற பிரிவே கிடையாது. 1.0 கோப்பிலோ 'பெர்சனல் பிராஃபிட்' (தனிநபர் லாபத்துக்கு) என்றிருக்கிறது, 'கார்ப்பரேஷன்' (நிறுவனம்) இல்லை. விசீஃபேஸ் 0.எக்ஸைத்தான் ஏற்கும், வீடியோவில் இருப்பதும் அதுதான்.

ரீட்மீயில் கிரெடிட் போடச் சொல்லும் வரி மட்டுமே. விற்றவருக்கு எழுதியும் பதிலில்லை. யூனிட்டி மென்பொருளில் மெட்டாடேட்டாவை மாற்றி எக்ஸ்போர்ட் செய்யலாம்தான். எழுத்து மாறும், உரிமை வராது.

உருவாக்குவது தனிநபர், வெளியிடுவது நிறுவனம். 0.எக்ஸின் அனுமதியை வைத்து ஒப்படைக்கலாமா, இல்லை 1.0-இன் கட்டுப்பாடுதான் செல்லுமா?