புதுப்பிப்பு: அந்த மூணாவது ரவுண்ட் கதை

போன வாரம் எழுதினத படிக்காதவங்களுக்கு சுருக்கமா: சோழிங்கநல்லூர்ல ஒரு கம்பெனி, பேக்எண்ட் வேலை, மூணாவது ரவுண்ட்ல எல்ஆர்யூ கேஷ் (இடம் நிறைஞ்சா ரொம்ப நேரமா தொடாதத தூக்கிட்டு புதுச வெக்கற தற்காலிக சேமிப்பு) எழுத சொன்னாங்க. நான் பைத்தான் மொழில, ஒவ்வொரு கீக்கும் (பேருக்கும்) ஒரு மதிப்ப சேத்து வெக்கற டிக்‌ஷ்னரிய வெச்சே எழுதினேன், எடுத்த கீயை அழிச்சுட்டு மறுபடி கடைசில போடணும், இடம் நிறைஞ்சா முதல்ல இருக்கறத தூக்கணும், அவ்ளோதான். "டிக்‌ஷ்னரில வரிசையே இருக்காது"ன்னு இன்டர்வியூ எடுத்தவர் சொல்லிட்டார். 3.7 வெர்ஷன்ல இருந்து போட்ட வரிசை மாறாதுன்னு பைத்தானே உறுதி சொல்லுதுங்க, ஓட்டி காட்றேன்னேன், வேணாம்னு 20 நிமிஷத்துல கால கட் பண்ணிட்டார்.

நேத்து எச்ஆர் மேடம் கூப்பிட்டாங்க. ஃபீட்பேக் கேட்டேன், "பேசிக்ஸ் வீக்"னு ஒரே வரி எழுதியிருக்காராம். படிச்சு காட்டும்போது அவங்களுக்கே சங்கடமா இருந்துச்சு, குரல்லயே தெரிஞ்சுது.

ஃப்ரெண்ட் ஒருத்தன்கிட்ட கோட காட்டினேன், அவன் உண்மையிலேயே ஒரு குறை சொன்னான். முன்னாடி இருந்து அழிச்சுக்கிட்டே போனா காலியான இடமெல்லாம் தாண்டித்தான் முதல் கீயை தேடணும், அது மெதுவாகும், ஆர்டர்ட்டிக்ட் (வரிசைய தனியா கணக்கு வெக்கற இன்னொரு பைத்தான் வகை) போட்டிருந்தா அந்த பிரச்சனையே இல்லன்னான். சரியான பாயிண்ட்! இத அவர் கேட்டிருந்தா சந்தோஷமா ஒத்துக்கிட்டிருப்பேன், உக்காந்து மாத்தியும் எழுதியிருப்பேன், அதுதானங்க இன்டர்வியூ?

வேற ஆள வெச்சு அந்த ரவுண்ட மறுபடி நடத்த முடியுமான்னு கோடையும் சேர்த்து மெயில் போட்டேன். இன்னைக்கு காலைல பதில் வந்துச்சு, அந்த இடத்துக்கு ஆள் எடுத்தாச்சாம். இதுக்காக ரெண்டு நாள் லீவ் போட்டிருந்தேன், மனசு ஆறவே இல்ல. வியாழக்கிழமை பெருங்குடில இன்னொரு இன்டர்வியூ இருக்கு.