கேபிள் டிவியில் 256 குவாமுக்கு மாற்றியதும் கடைசி முனையில் படம் உடைகிறது, யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஹெட்எண்டில் (சேனல்களைத் திரட்டி கேபிளில் அனுப்பும் நிலையம்) மாடுலேட்டரை 64 குவாமிலிருந்து 256 குவாமுக்கு (குவாம் என்பது சிக்னலில் தரவை ஏற்றும் முறை, எண் கூடினால் தரவும் கூடும்) மாற்றினேன், 8 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் சிம்பல் ரேட் (நொடிக்கு அனுப்பும் குறியீடுகள்) 6.875 மில்லியன் அப்படியே இருந்தாலும் 38 எம்பிபிஎஸ்ஸுக்குப் பதில் 50 கிடைக்குமே, இன்னும் சில சேனல்களை ஏற்றலாமே என்ற ஆசைதான். மாடுலேட்டர் அவுட்புட்டில் மீட்டர் வைத்தால் எம்இஆர் (சிக்னல் எவ்வளவு சுத்தம் என்ற அளவு) 40 டிபி, சேனல்களை ஒன்றுசேர்க்கும் கம்பைனர் தாண்டியும் 38. ஆனால் கடைசி ஆம்ப்ளிஃபயருக்கு அப்புறம் 29தான். மீட்டர் சிக்னலைப் புள்ளிகளாகக் காட்டும் கான்ஸ்டலேஷனில் புள்ளிகள் பஞ்சு மாதிரி ஊதி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, படம் கட்டம் கட்டமாக உடைகிறது.

இதில் வேடிக்கை, 600 மெகாஹெர்ட்ஸுக்கு மேலேதான் இந்தத் தொல்லை, கீழே எல்லாம் சுத்தம். 64க்குத் திருப்பினால் உடனே சரியாகிவிடுகிறது. லெவலை 3 டிபி ஏற்றிப் பார்த்தேன், பக்கத்து சேனல்களும் சேர்ந்து கெட்டதுதான் மிச்சம். கனெக்டர்களையும் மாற்றியாயிற்று. என்ஐடியில் (செட்டாப் பாக்ஸுக்கு அலைவரிசை விவரம் சொல்லும் பட்டியல்) மாடுலேஷனைத் திருத்திவிட்டேன், ஆகவே அதைக் கேட்க வேண்டாம்.

இது ஆம்ப்ளிஃபயரின் டில்ட் (மேல், கீழ் அலைவரிசைகளின் லெவல் வித்தியாசம்) கோளாறா, இல்லை வழியில் எங்காவது கேபிளில் தண்ணீர் இறங்கியிருக்குமா? இதே பாடுபட்டவர்கள் எதை முதலில் பிடித்தீர்கள்? அதுவரை மேல் அலைவரிசைகளை மட்டும் 64லேயே விட்டு வைக்கலாமா என்றும் சொல்லுங்கள்.