கவாத்து முடிந்தும் கண் திறக்காத கொடி: உங்கள் தோட்டத்தில் நடந்திருக்கிறதா?

சுருளிப்பட்டி பந்தல்

பன்னீர் திராட்சை வைத்திருப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். கவாத்து முடிந்த மறுநாள், தூங்குகிற கண்ணை, அதாவது மொட்டை, எழுப்பும் சயனமைடு மருந்து பூச ஆறு பேர் வந்தார்கள். லிட்டருக்கு 30 மில்லி கலந்து, கண் கண்ணாகப் பிரஷ்ஷில் தொட்டு வைத்தார்கள். மதியம் சாப்பிட இறங்கியவர்கள் திரும்பி வந்ததும் விட்ட இடத்தில் தொடங்காமல் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்கள். யாரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

பத்தாம் நாள் காலையில் பந்தலுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்க்கிறேன். ஏழாவது கல்தூண் வரைக்கும் ஒவ்வொரு கண்ணும் உப்பி, செதில் பிளந்து, உள்ளிருந்து பழுப்புப் பஞ்சு எட்டிப் பார்க்கிறது. சிலதில் இளஞ்சிவப்பாக இலை நுனியே வந்துவிட்டது. தூணைத் தாண்டினால் வெறும் குச்சி. கோடு கிழித்த மாதிரி. அந்தத் தூணில் ஏறுவது ஒரே கொடி. அதன் கிழக்குக் கை விழித்திருக்கிறது, மேற்குக் கை தூங்குகிறது.

விட்டுப்போன பக்கத்தில் நுனிக் கண் ஒன்றிரண்டுதான் அப்புறம் வந்தது, அதுவும் தாமதமாக. குலை பழுத்ததும் இரண்டு தவணையாக. வியாபாரி ஒரே வெட்டுதான் வருவேன் என்றார். அப்பா திட்டவில்லை. அந்தத் தூணை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனார். மூன்று வருஷம் ஆயிற்று, எனக்கு அது போகவே இல்லை.

கூடலூர் தம்பி

அண்ணே, உங்களுக்குப் போனது ஒரு வரிசைக் காய். எங்கள் வீட்டில் ஆளே போயிருக்கும்.

மாமா கையுறை இல்லாமல் பகல் முழுக்க இதே மருந்தைப் பூசினார். சாயங்காலம் அசதிக்குக் கொஞ்சம் குடித்தார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. முகம், கழுத்து, காது மடல் எல்லாம் ரத்தம் கட்டின மாதிரி சிவந்துவிட்டது. பேச்சு வரவில்லை. என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தார். அந்தப் படபடப்பு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "இன்னைக்குத் தோட்டத்துல என்ன மருந்து?"

சாராயம் உடம்பில் உடையும்போது நடுவில் ஒரு நஞ்சு உண்டாகும். அதை அழிக்கிற நொதியை சயனமைடு கட்டிப்போட்டுவிடும். பூசுவதற்கு முன்னும் பின்னும் சில நாள் குடிக்கவே கூடாது. இது டப்பாவில் இருக்கிறது, ஆனால் பூசுகிற ஆள் கைக்கு டப்பா வருவதில்லை. தயவுசெய்து வாயால் சொல்லுங்கள்.

பழைய கவாத்து

சுருளிப்பட்டிக்காரர் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆட்கள் மேல் தப்பு இல்லை, மருந்தை மட்டுமே நம்பியதுதான் தப்பு. எங்களுக்கு ஒரு வருஷம் மருந்து கிடைக்கவில்லை, குச்சியை முறுக்கி வளைத்தே விட்டோம். முக்கால்வாசி கண் வந்தது. என் கதை இவ்வளவுதான்.

இப்போது கேளுங்கள். நுனிக் கண் முந்திக்கொண்டால் அடிக் கண்ணை எழ விடாது. அங்கிருந்து இறங்கும் ஹார்மோன் மற்றதை அமுக்கும். குச்சியை வளைத்தால் அந்த அமுக்கம் குறையும். பென்சில் கனத்துக் குச்சியாக நிறுத்துங்கள், நோஞ்சான் குச்சியில் எதைப் பூசினாலும் பிரயோஜனமில்லை. கவாத்துக்கு முன் நாலைந்து கண்ணைப் பிளேடால் நெடுக்காகக் கீறி லென்ஸில் பாருங்கள். நடு மொட்டு பச்சையாக இருக்க வேண்டும். கருத்திருந்தால் அது செத்தது. பக்க மொட்டு வரும், குலை குறையும். மருந்தில் காவித்தூள் கலந்தால் எந்தக் கண் விட்டுப்போனது என்று அப்போதே தெரியும். இந்தோனேசியாவில் மலாங் பக்கத்து மலையில் ஆப்பிள் பறித்த கொஞ்ச நாளில் இலையைக் கையாலேயே உருவி, வருஷத்துக்கு இரண்டு காய்ப்பு எடுக்கிறார்கள். மருந்தா அடித்தார்கள்?

மேல்மலை

ஐயா, இலை உருவுவது மரம் தூங்கப் போகும் முன்பு. நன்றாகத் தூங்கிவிட்ட மொட்டைக் குளிர்தான் எழுப்பும். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

கொடைக்கானலில் டெலிஷியஸ் ஆப்பிள் கன்று வைத்தேன். அதற்கு 7 டிகிரிக்குக் கீழே ஏறத்தாழ 1,000 மணி நேரம் வேண்டும் என்று விற்றவர் சொல்லவில்லை. இங்கே ராத்திரி உறைபனி விழுந்தாலும் பகல் வெயில் வந்து அதைக் கலைத்துவிடும். ஆறாவது வருஷம் மே மாதம். பக்கத்துத் தோட்டத்தில் பிளம்ஸ் காய்த்துக் கிடக்கிறது. என் மரத்தில் கிளை நுனியில் மட்டும் குஞ்சம் மாதிரி நாலு இலை, கீழே முழங்கை நீளத்துக்கு மொட்டை. நகத்தால் பட்டையைச் சுரண்டினேன். உள்ளே பச்சைப் பசேல் என்று ஈரமாக இருந்தது. உயிரோடு இருந்துகொண்டு எழ முடியாமல் கிடக்கிறதே என்று அழுகை வந்துவிட்டது. இப்போது அன்னா ரகம் வைத்திருக்கிறேன், அதற்கு 300 மணிக்குள் போதும்.

பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து

குளிர் குறைவு என்றதும் 2015 ஞாபகம் வருகிறது. கலிஃபோர்னியாவில் பிஸ்தா. கெர்மான் பெண் மரம், பீட்டர்ஸ் ஆண் மரம், மகரந்தம் காற்றில்தான் போகவேண்டும். அந்தக் குளிர்காலம் வெதுவெதுப்பாகப் போனது, பள்ளத்தாக்கில் வழக்கமான மூடுபனியும் சரியாக இல்லை. பெண் பூத்த நேரத்தில் ஆண் மரம் இன்னும் கண் மூடியிருந்தது.

மரத்தைப் பார்த்தால் எதுவும் தெரியாது. பிஸ்தாவில் ஓடு முதலில் முழு அளவுக்கு வளர்ந்துவிடும், பருப்பு அப்புறம்தான். செப்டம்பரில் ஒரு கொத்து பறித்து ஒவ்வொன்றாக உடைத்தேன். பொக்கு. அடுத்ததும் பொக்கு. ஒரு கொத்தில் இரண்டு பருப்பு தேறியது. காலடியில் ஓடு நொறுங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே நடந்தேன்.

கிளைநோக்கி

சுருளிப்பட்டி அண்ணனின் ஏழாவது தூண் சாதாரண விஷயமில்லை. ஃபிரெடரிக் கோவில் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் 1920-ல் இதைத்தான் எழுதினார். கண்ணாடி வீட்டில் கதகதப்பாக வைத்த ப்ளூபெர்ரி செடியின் ஒரு கிளையை மட்டும் வெளியே குளிரில் நீட்டி வைத்தார். வசந்தத்தில் அந்தக் கிளை தழைத்தது, உள்ளே இருந்த மற்ற கிளைகள் தூங்கின. வேர் ஒன்றுதான், தூக்கம் அந்தந்த மொட்டுக்குத் தனித்தனி. பிரஷ் படாத கண்ணுக்குப் பக்கத்துக் கண் எழுந்தது தெரியாது. உங்கள் கொடியில் நோய் இல்லை அண்ணே.

சுருளிப்பட்டி பந்தல்

அந்தக் கடைசி வரியை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அடுத்த கவாத்துக்குக் காவி கலக்கப் போகிறோம், கையுறை பன்னிரண்டு ஜோடி வாங்கியாச்சு. கூடலூர் தம்பி, மாமா இப்போது எப்படி இருக்கிறார்?