ஊடகங்களின் கடிவாளம் உண்மையில் யார் கையில் இருக்கிறது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் ஊடகவியல் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். உலக ஊடகங்கள் சில நிறுவனங்களிடம் குவிந்திருப்பதை விளக்க, பல ஆண்டுகளாக ஒரே படத்தைத்தான் கரும்பலகையில் வரைந்து வருகிறேன்: மேலே நான்கைந்து பெருநிறுவனங்கள், கீழே கோடு கோடாக அவற்றின் தொலைக்காட்சிகள், நாளிதழ்கள், திரைப்பட நிறுவனங்கள். 2019-இல் டிஸ்னி நிறுவனம் 7,100 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து ஃபாக்ஸ் குழுமத்தின் பெரும்பகுதியை வாங்கியபோது ஒரு கட்டத்தை அழித்து இன்னொன்றோடு சேர்த்தேன். மற்றபடி படம் அப்படியே இருக்கிறது.

சென்ற வாரம் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, எங்கள் அக்கா நடத்தும் யூடியூப் சேனல் இந்தப் படத்தில் எங்கே வரும்?" என்று கேட்டார். அந்தச் சேனலை நாற்பதாயிரம் பேர் பின்தொடர்கிறார்களாம். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. எல்லாம் சிலர் கையில் குவிந்துவிட்டது என்கிறோம். கைப்பேசி வைத்திருக்கும் எல்லாருமே ஊடகம்தான் என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, ஆனால் எதையும் பொய் என்று தள்ளவும் முடியவில்லை. இதை மாணவர்களுக்கு எப்படி விளக்கலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1

ஐயா, உங்கள் படத்தை முழுதாக அழிக்க வேண்டாம். அதில் 'உடைமை' என்ற சொல்லை மட்டும் இன்னும் கூர்மையாக்குங்கள். ஒரு நிறுவனத்தில் எவ்வளவு பங்கு வைத்திருக்கிறார் என்பதும், அதன் முடிவுகளில் எவ்வளவு வாக்கு வைத்திருக்கிறார் என்பதும் வெவ்வேறு. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் தளங்களை நடத்தும் மெட்டா நிறுவனத்தில், அதன் நிறுவனர் மார்க் சக்கர்பெர்க்கின் பங்கு ஏறத்தாழ 13 விழுக்காடுதான்; ஆனால் அவரிடம் உள்ள பங்குகள் ஒவ்வொன்றுக்கும் பத்து வாக்குகள் என்பதால், மொத்த வாக்குகளில் பாதிக்கும் மேல் அவரிடம் இருக்கின்றன. மற்றப் பங்குதாரர்கள் அனைவரும் ஒன்று சேர்ந்தாலும் அவரை மீறி எதையும் நிறைவேற்ற முடியாது. பல நூறு கோடிப் பேர் அன்றாடம் எதைப் பார்க்கிறார்கள் என்பதில் இறுதிச் சொல் ஒரு தனிமனிதரிடம் இருப்பது எனக்கு உண்மையிலேயே அச்சம் தருகிறது.

ஆயினும் இதே ஏற்பாடு வேறு வகையிலும் பயன்பட்டிருக்கிறது. நியூயார்க் டைம்ஸ் இதழில் இயக்குநர் குழுவின் 70 விழுக்காட்டினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஒரு குடும்பத்தின் கையில் உள்ள தனிவகைப் பங்குகளிடம் இருக்கிறது. வெளியிலிருந்து பணத்தோடு வருபவர் இதழைக் கைப்பற்றிவிடாமல் இதுவரை காத்து வந்திருப்பது அந்த ஏற்பாடுதான். பிரிட்டனின் கார்டியன் இதழ் 1936 முதல் ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. எனவே ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் 'வாக்கு யாரிடம், அவரை நீக்கக்கூடியவர் யார்' என்று எழுதச் சொல்லுங்கள். பல கட்டங்களில் இரண்டாவது கேள்விக்கான இடம் காலியாகவே இருக்கும்.

பதில் 2

நான் ஒரு செய்தி நிறுவனத்தில் இரவுப் பணியில் வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்ப்பவன். உடைமைப் படத்தில் எப்போதும் விடுபட்டுப்போவது செய்தி முகமைகள், அதாவது செய்திகளைத் திரட்டி மற்ற ஊடகங்களுக்கு வழங்கும் அமைப்புகள். தொலைவில் நடக்கும் ஒரு போரைப் பற்றி நூறு இதழ்கள் எழுதலாம். அந்த நூறிலும் பெரும்பாலானவை ராய்ட்டர்ஸ், அசோசியேட்டட் பிரஸ், பிரான்சின் ஏஎஃப்பி ஆகிய மூன்றில் ஒன்றிலிருந்து பிறந்தவையாக இருக்கும்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். நள்ளிரவு தாண்டி ஒரு செய்தி வருகிறது. ஆயுதம் ஏந்திய ஒரு குழுவை முகமை ஒரு சொல்லால் குறிக்கிறது. அதை நான் 'போராளிகள்' என்றோ, 'தீவிரவாதிகள்' என்றோ, 'ஆயுதக் குழுவினர்' என்றோ எழுதலாம். மூன்றும் மூன்று அரசியல். யோசித்துத் தேர்ந்தெடுக்க எனக்கு ஐந்து நிமிடம்கூட இருக்காது. பெரும்பாலும் முகமையின் சொல்லை ஒட்டியே என் சொல்லும் அமைந்துவிடுகிறது. காலையில் அதைப் படிப்பவருக்கு அது எங்கள் இதழின் பார்வையாகத்தான் தெரியும்.

இது இன்று தோன்றியதல்ல. 1870-லேயே பிரான்சின் ஹவாஸ், பிரிட்டனின் ராய்ட்டர்ஸ், ஜெர்மனியின் வோல்ஃப் ஆகிய மூன்று முகமைகளும் ஒப்பந்தம் போட்டு, எந்த நிலப்பகுதியின் செய்தி யாருக்கு என்று உலகையே பங்கிட்டுக்கொண்டன. 1980-இல் ஐ.நா.வின் கல்வி, பண்பாட்டு அமைப்பான யுனெஸ்கோவின் மெக்பிரைடு குழு செய்தி ஒரு திசையிலேயே பாய்வதைச் சுட்டிக்காட்டியது. அதையொட்டி எழுந்த சர்ச்சை பெரிது. அசோசியேட்டட் பிரஸ் இதழ்களின் கூட்டுறவு அமைப்பு, அதற்கு முதலாளி என்று தனியாக ஒருவர் இல்லை. ஆனாலும் அதன் சொல் உலகெங்கும் போய்ச் சேருகிறது. உடைமையாளரைத் தேடினால் இந்தச் செல்வாக்கு கண்ணில் படாது.

பதில் 3

மேலே இருவரும் சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் மாணவியின் கேள்விக்கு நேரான பதில் விநியோகத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

நான் ஒரு சிறிய செய்தித் தளத்தில் பணியாற்றியிருக்கிறேன். எங்கள் வாசகர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஒரு சமூக வலைத்தளத்தின் வழியாகத்தான் வந்தார்கள். ஒரு வாரம் அந்த எண்ணிக்கை திடீரெனப் பாதியாகச் சரிந்தது. முதலில் எங்கள் சர்வரில் கோளாறு என்று நினைத்து இரண்டு நாள் தேடினோம். பிறகுதான் அந்த நிறுவனம் தன் அல்காரிதத்தை, அதாவது எந்தப் பதிவு யாருக்குக் காட்டப்பட வேண்டும் என்று முடிவு செய்யும் கணினி விதிகளை, மாற்றியிருப்பது தெரிந்தது. கடிதம் வரவில்லை, அழைத்துக் கேட்க ஓர் எண்ணும் இல்லை. அடுத்த மாதங்களில் ஆசிரியர் கூட்டத்தில் 'இது முக்கியமான செய்தியா' என்ற கேள்வி குறைந்து, 'இது அங்கே ஓடுமா' என்ற கேள்வி கூடியது. மூன்று மாத உழைப்பைக் கேட்கும் புலனாய்வுக் கட்டுரைகளை ஒவ்வொன்றாக ஒத்திவைத்தோம். எந்த அதிகாரியும் எங்களைத் தணிக்கை செய்யாமலேயே எங்கள் தளம் வேறொரு தளமாகிவிட்டது. அதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

கனடாவில் இது நாடளவில் நடந்தது. செய்திகளுக்கு இணைய நிறுவனங்கள் கட்டணம் தர வேண்டும் என்று 2023-இல் அங்கே சட்டம் வந்ததும், மெட்டா தன் தளங்களில் செய்தி இணைப்புகளையே நிறுத்திவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் காட்டுத்தீ நெருங்கியதால் யெல்லோநைஃப் நகரில் ஏறத்தாழ 20,000 பேர் வெளியேற வேண்டியிருந்தபோதும் அந்தத் தடை நீங்கவில்லை. செய்தி நிறுவனங்கள் அவற்றின் உரிமையாளர்களிடமே இருந்தன. எழுதியவர்கள் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். வாசகரிடம் போகும் பாதை மட்டும் வேறொருவரிடம் இருந்தது.

அந்த அக்காவிடம் கேமரா இருக்கிறது, பேச்சு இருக்கிறது, நாற்பதாயிரம் பேர் இருக்கிறார்கள். நாளை சேனல் முடக்கப்பட்டால் அந்த நாற்பதாயிரம் பேரில் எத்தனை பேரை அவரால் தேடிப் பிடிக்க முடியும் என்று மாணவியிடம் கேட்டுப் பாருங்கள்.

பதில் 4

சிறிய மறுப்பு. விநியோகத்தைப் பேசும் ஆர்வத்தில் அரசை மறந்துவிடக் கூடாது. ஹங்கேரியில் 2018-இல் அரசுக்கு நெருக்கமான உரிமையாளர்கள் 400-க்கும் மேற்பட்ட ஊடகங்களை ஒரே அறக்கட்டளைக்கு இலவசமாக வழங்கினார்கள். அது நாட்டு நலனுக்கு முக்கியமானது என்று அறிவித்து, சந்தை ஒருவர் கையில் குவிவதைத் தடுக்கும் போட்டிச் சட்டத்தின் ஆய்விலிருந்து அரசு விலக்கு அளித்தது. கார்டியனைக் காப்பதும் அறக்கட்டளை, இதுவும் அறக்கட்டளை என்பதை முதல் பதில் எழுதியவர் கவனிக்க வேண்டுகிறேன். உரிமம், அரசு விளம்பரம், இணையத்தையே துண்டிக்கும் ஆணை ஆகியவை அரசின் கையில் இருக்கும்வரை, எந்தத் தளமும் அந்நாட்டில் அரசை அனுசரித்தே நடக்கும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. மாணவியிடம் கேட்டேன், அவர் அக்காவிடம் கேட்டு வந்தார். நாற்பதாயிரம் பேரில் ஒருவரின் மின்னஞ்சல் முகவரிகூட அவரிடம் இல்லை. சென்ற ஆண்டு ஒரு காணொலி நீக்கப்பட்டபோது, காரணம் கேட்டு அவர் எழுதிய முறையீட்டுக்குத் தானியங்கிப் பதில் ஒன்றுதான் வந்ததாம். அடுத்த வகுப்பில் பழைய படத்தை வரையப்போவதில்லை. ஒரே ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு, அது நிகழ்ந்த இடத்திலிருந்து ஒரு வாசகரின் கைப்பேசி வரை எவரெவர் கையைக் கடந்து வருகிறது என்று மாணவர்களையே வரையச் சொல்லப்போகிறேன். முதலில் அந்த அக்காவின் நீக்கப்பட்ட காணொலியை எடுத்துக்கொள்கிறோம்.