கதையில் ஒரு சந்தேகம்: வேரர்களின் மந்திரமும் நம்ம பால் வெட்டுக் கத்தியும்

சிப்புட்_பையன்:
வணக்கம். ஒரு மாயக்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். களம் மலேசியாவில் நம்ம சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் மாதிரி ஒன்று. காட்டோரம் வேரர் என்று ஓர் இனம், மனிதர் இல்லை, முழுக்கக் கற்பனை. அவர்கள் பாடிக்கொண்டே ரப்பர் மரத்தைத் தொட்டால் கத்தி படாமலே பால் வடியும். இந்தப் பக்கம் லயத்து ஆட்கள், அதாவது தோட்டக் குடியிருப்புத் தொழிலாளர்கள், விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்ட மர நிரைக்குப் போகிறார்கள். எழுத எழுத மனிதர் பக்கம் சப்பென்று ஆகிவிடுகிறது, மந்திரத்துக்கு முன்னால் கத்தி எம்மாத்திரம்? அப்புறம், எல்லையில் இருக்கும் முனியாண்டியை இரண்டு கூட்டமும் கும்பிடுவதாக வைத்திருக்கிறேன். ஒரே சாமி என்றால் சண்டைக்கே இடமில்லாமல் போய்விடுமோ?

கங்காணி_பேரன்:
தம்பி, நீங்கள் மரம் சீவிப் பார்த்ததில்லை போல. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வளரும் படலம் ஒன்று உண்டு, அதற்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் கத்தி நிற்க வேண்டும், தாண்டினால் காயம், அந்த இடத்தில் புதுப்பட்டை ஒழுங்காக வராது, முண்டு முண்டாகப் புடைத்துக்கொள்ளும். இதை என் அப்பா அரை இருட்டில் தினமும் நானூறு ஐந்நூறு மரத்துக்குச் செய்தார். வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் வராது, அதனால்தான் அந்த நேரத்து ஓட்டம். இது சப்பா?

மந்திரம் என்கிறீர்களே, எத்திபோன் என்ற ரசாயன மருந்து தெரியுமா? பட்டையில் தடவினால் எத்திலீன் வாயு வெளிவரும், வெட்டு சீக்கிரம் அடைபடாமல் நெடுநேரம் பால் வடியும். ஆசைப்பட்டு அளவை மீறினால் மரம் பால் கொடுப்பதையே நிறுத்தி, பட்டை காய்ந்துபோகும். உங்கள் வேரர் பாட்டுக்கு மரம் என்ன விலை கொடுக்கிறது? அதை எழுதாவிட்டால் அது மந்திரம் இல்லை, குழாய்த் தண்ணீர்.

செம்பனை_அக்கா:
எனக்கு ரப்பர் தெரியாது, செம்பனைதான், எண்ணெய் எடுக்கும் பனை. முன்பு பூந்தூளைக் கையால்தான் தூவ வேண்டும், என் அம்மா அந்த வேலைக்குப் போனவர். 1981-இல் கேமரூனிலிருந்து ஒரு சின்ன மூக்கு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள், அது பூவுக்குப் பூ போய் வேலையை முடித்துவிட்டது. அம்மாவுக்கு இன்றுவரை அது சாமி அனுப்பிய வண்டு. ஆராய்ச்சிக்காரருக்கு அது தொழில்நுட்பம். அதனால் கூலி வேலை பறிபோன பெண்களுக்கு என்னவாம், அதை யாரும் கேட்கவில்லை.

சாமி விஷயத்தில் பயப்படாதீங்க. எங்கள் தோட்டத்து முனியாண்டிக்குச் சீனக் கடைக்காரர்களும் ஊதுபத்தி ஏற்றுவார்கள், அவர்களோடு ஒரு தகராறும் வந்ததில்லை. நம்ம ஆட்களுக்குள்தான் கிடா வெட்டுவதா, பொங்கலோடு நிறுத்துவதா என்று கோயில் கமிட்டி இரண்டாகிக் கிடக்கிறது. ரெண்டு தரப்பும் முனியாண்டி உத்தரவு என்றுதான் சொல்கிறது!

மலையோரம்:
எனக்கு இடிப்பது வேறு. சுங்கை சிப்புட் காட்டோரம் என்றால் அங்கே நிஜமாகவே தெமியார் என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். கனவில் ஆவி கொடுக்கும் பாட்டைப் பாடி நோய் தீர்ப்பது அவர்களுடைய நம்பிக்கை. நீங்கள் காட்டில் ஒரு கூட்டத்தை வைத்து, அவர்கள் வாயில் பாட்டையும் வைத்து, 'மனிதர் இல்லை' என்று எழுதினால் படிக்கிறவன் யாரை நினைப்பான்? பக்கத்து ஊர்க்காரரைப் பூதமாக்கின மாதிரி இருக்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சிப்புட்_பையன்:
கோபமெல்லாம் இல்லை அண்ணே, அது எனக்கு உறைக்கவே இல்லை. பாட்டை எடுத்துவிடுகிறேன், வேரர்களைக் காட்டிலிருந்தும் கிளப்பித் தோட்டத்துக்குள்ளேயே, பழைய நிரைகளுக்கு அடியில், மண்ணுக்குள் குடிவைக்கலாம் என்று பார்க்கிறேன். பட்டை காய்வதைக் கண்டிப்பாக எடுத்துக்கொள்கிறேன். வேரர் தொட்ட மரம் மறு வருஷம் பால் விடாது, அதே நிரையில் எத்திபோன் தடவிய மரமும் விடாது, இரண்டு கூட்டமும் முனியாண்டி முன்னால் வந்து நின்று அடுத்தவனைக் கைகாட்டும். அக்கா, முனியாண்டிக்குச் சுருட்டு வைப்பது யார், மண்ணுக்குள் இருப்பவர்களிடம் நெருப்பு இருக்குமா?

செம்பனை_அக்கா:
நெருப்புப் பெட்டியை மனிதரிடம் கொடுங்கள். சுருட்டு அவர்களிடம் இருக்கட்டும்.