'கூல்' என்றால் பாராட்டா, திட்டா?

கேள்வி:
ஒரு சங்கடம். நான் தயார் செய்த ஒரு திட்டத்தை மேலாளர் வாடிக்கையாளருக்கு அனுப்பியிருந்தார். அவர்களுடைய 'ரெஸ்பான்ஸ் வாஸ் ராதர் கூல்' என்று இன்று எனக்கு எழுதினார். நானும் குஷியாக 'தேங்க்ஸ்' போட்டு, கூடவே ஒரு சிரிப்பு முகத்தையும் அனுப்பிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அவங்களுக்குப் பிடிக்கலைன்னு சொல்றாருப்பா" என்கிறார். கூல் என்றால் சூப்பர் என்றுதானே இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்?

பதில் 1:
பக்கத்தில் இருந்தவர் சொன்னதுதான் சரி. வரவேற்பு, பதில், பார்வை, உறவு மாதிரி விஷயங்களோடு கூல் சேர்ந்தால் பெரும்பாலும் பட்டும் படாமலும் நடந்துகொண்டார்கள் என்று பொருள். பைக், சட்டை, ஐடியா என்றால் பாராட்டு. ஆளைப் பற்றி வரும்போதுதான் உஷாராக இருக்கணும், பின்னால் ஒட்டியிருக்கும் சின்னச் சொல்லைப் பாருங்கள்: 'ஷீ இஸ் கூல் வித் இட்' என்றால் அவளுக்கு ஆட்சேபணை இல்லை, 'ஷீ இஸ் கூல் டுவர்ட்ஸ் மீ' என்றால் முகம் கொடுத்தே பேசுவதில்லை.

பதில் 2:
இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. பழைய ஆங்கிலத்திலிருந்தே இருக்கும் சொல் இது, கோல்டு, சில் எல்லாம் இதன் பங்காளிகள். சூடு இல்லை என்பதுதான் அடிப்படை. எந்தச் சூடு இல்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கோபமும் பதற்றமும் இல்லாவிட்டால் நிதானமான ஆள், ஆர்வமும் பாசமும் இல்லாவிட்டால் ஒட்டாத ஆள். நம்முடைய 'ஆறு' என்ற வினையும் இப்படித்தானே? ஆறுவது சினம் என்று படித்தோம், ஆறுதல் என்கிறோம், அதே வாயால் 'அது ஆறிப்போன விஷயம்' என்று ஒதுக்கவும் செய்கிறோம்.

நீங்கள் நினைத்த 'சூப்பர்' என்ற பொருள் பரவலானது ரொம்பப் பிந்தி. அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சிலிருந்தும் 1940களின் ஜாஸ் இசை வட்டாரத்திலிருந்தும் வெளியே வந்தது. சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங்கின் பெயரை இதோடு சேர்த்துச் சொல்வார்கள். அலட்டிக்கொள்ளாமல், அடக்கி வாசிப்பதே ஒரு ஸ்டைல் ஆனது. ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1949, 50ல் பதிவு செய்தவற்றை 1957ல் தொகுத்து வெளியிட்டபோது ஆல்பத்தின் பெயரிலேயே கூல் ஏறிவிட்டது. எனக்குப் பிடித்த வேடிக்கை, ஹாட் என்று சொன்னாலும் பாராட்டுதான்.

பதில் 3:
பணத்தை விட்டுவிட்டீர்களே. 'எ கூல் மில்லியன்' என்றால் முழுசாகப் பத்து லட்சம், ஏதோ சில்லறையை எடுத்து வைத்த மாதிரி அலட்சியமாகச் சொல்வது. 18ஆம் நூற்றாண்டிலேயே இப்படிப் பேசியிருக்கிறார்கள். அப்புறம் 'கூலிங் மை ஹீல்ஸ்' என்று யாராவது சொன்னால் குதிகாலைத் தேடாதீர்கள், வெகுநேரம் காக்க வைத்துவிட்டார்கள் என்று புலம்புகிறார். கொச்சைப் பேச்சில் 'கூலர்' ஜெயில்.

கேள்வி கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. மேலாளரிடம், தப்பாகப் புரிந்துகொண்டேன், திட்டத்தை நாளைக்குள் திருத்தித் தருகிறேன் என்று எழுதினேன். 'கூல்' என்று ஒரே ஒரு சொல் வந்திருக்கிறது. இது எந்தக் கூல்?

பதில் 1:
சரி என்கிறார், அவ்வளவுதான். பின்னால் முற்றுப்புள்ளி வைத்திருக்கிறாரா?

கேள்வி கேட்டவர்:
வைத்திருக்கிறார்.

பதில் 1:
அப்படியென்றால் இன்று ராத்திரியே திருத்தி அனுப்பிவிடுங்கள்.