வாசற்கதவின் கீழ்த் தாழ்ப்பாளுக்காகத் தரை டைல்ஸில் துளையிடுவது எப்படி?

கேள்வி: எங்கள் இரட்டை வாசற்கதவின் கீழ்த் தாழ்ப்பாளுக்கு 10 மி.மீ. கம்பி, அது இறங்க விட்ரிஃபைடு டைல்ஸில் துளை வேண்டும். விரிசல் விடாமல் எவ்வாறு துளையிடுவது?

பதில் 1: டிரில்லிங் மெஷினின் சுத்தியல் இயக்கத்தை அணைத்துவிட்டு, 12 மி.மீ. வைர முனை பிட்டை முதலில் சற்றுச் சாய்த்துப் பிடித்து, பிறை போன்ற தடம் விழுந்ததும் மெல்ல நிமிர்த்தி, அவ்வப்போது தண்ணீர் தெளித்து, குறைந்த வேகத்தில் இறக்குங்கள். அவசரப்பட்டு அழுத்தினால் டைல்ஸ் போய்விடும். தண்ணீர் புழங்குவதால் பேட்டரி மெஷினே நல்லது.

பதில் 2: அதற்கு முன், கம்பியின் நுனியில் மை தடவிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை இறக்கினால், துளையிட வேண்டிய இடம் தரையில் பதிந்துவிடும். அது டைல்ஸின் விளிம்பை ஒட்டி விழுந்தால், தாழ்ப்பாளையே சற்று நகர்த்திப் பொருத்துங்கள்.

பதில் 3: டைல்ஸைத் தாண்டியதும் கான்கிரீட் பிட்டுக்கு மாறிவிடுங்கள், வைர முனை வீணாகத் தேய வேண்டாம்.